ஓக் மரங்களுக்கான மரபணுப் பரிசோதனைச் சேவை: தரவை நம்பலாம், அறிக்கையை நம்ப இயலாது

இரண்டு இனங்கள் கலந்து வளரும் ஓர் ஓக் காட்டில் மகரந்தம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவு பயணம் செய்கிறது, நாற்று வளர்ப்பதற்காக எத்தனை தாய் மரங்களிலிருந்து விதை எடுத்தால் போதும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடி, 176 முதிர்ந்த மரங்களின் இலைகளையும், எட்டுத் தாய் மரங்களிலிருந்து மரத்துக்கு 24 வீதம் பறித்த 192 கொட்டைகளையும் ஒரு தனியார் மரபணுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதிரிக்கு 12 குறிப்பான்களை (மரத்துக்கு மரம் வேறுபடும் டி.என்.ஏ. இடங்களை) படித்து, பெற்றோரைக் கண்டறிந்து, மரபணுப் பன்முகத்தன்மையைக் கணக்கிட்டு, முழு அறிக்கையாகத் தருவதாக அவர்களுடைய சேவை விவரம் சொல்கிறது. அவர்கள் படித்துத் தந்த எண்கள் பெரும்பாலும் நல்லவை. அந்த எண்களை வைத்துக்கொண்டு அவர்கள் எழுதிய அறிக்கையை ஓக் மரத்தின் இயல்பு தெரிந்த ஒருவர் மேற்பார்வையிட்டிருந்தால், இந்த மதிப்புரையின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

முதலில் அவர்கள் செம்மையாகச் செய்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். ஓக் இலையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எளிதான காரியமன்று. இலையில் டானின் முதலான பாலிஃபீனால்கள் நிறைந்திருப்பதால், இலையை அரைத்த சில நிமிடங்களிலேயே கரைசல் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். அந்தப் பழுப்புப் பொருள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்த கட்டமான, டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும். வசந்தத்தில் விரிந்த இளம் இலைகளைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி அனுப்புமாறும், உயரமான மரங்களில் இலை எட்டாவிட்டால் தோல் துளையிடும் கருவியால் பட்டைக்கு அடியிலிருக்கும் கேம்பியத்தில் ஒரு சிறு வில்லையை வெட்டி அனுப்பலாம் என்றும் அவர்கள் தெளிவாக எழுதியிருந்தார்கள். அதன்படியே செய்தேன். 380 மாதிரிகளில் ஒன்பது மட்டுமே தோற்றன. அவற்றில் ஆறு, நான் பின்பருவத்தில் பறித்த முற்றிய இலைகள். அந்தப் பிழை என்னுடையது.

380 என்ற கணக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். மரங்களும் கொட்டைகளும் சேர்ந்து 368. மீதி 12, ஏற்கெனவே அனுப்பிய மரங்களின் இலைகளை வேறு எண்கள் இட்டு நான் இரண்டாம் முறையாகச் சேர்த்தவை. இது பரிசோதனைக் கூடத்துக்குத் தெரியாது. எந்த மரபணுச் சேவைக்கும் மாதிரி அனுப்புவோர் இந்தச் சிறு சூழ்ச்சியைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் ஒரே மரம் இரு பெயர்களில் போய் ஒரே விடையோடு திரும்புகிறதா என்பதைவிட நேர்மையான தேர்வு வேறில்லை. கீழே சொல்லப்போகும் ஒரு திருத்தத்துக்குப் பிறகு, பன்னிரண்டில் பதினொன்று எல்லாக் குறிப்பான்களிலும் ஒத்துப்போயின. ஒன்றில் மட்டும், இரண்டு அல்லீல்கள் (ஒரு குறிப்பானின் மாற்று வடிவங்கள்) இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று விடுபட்டிருந்தது. டி.என்.ஏ. குறைவாக உள்ள மாதிரியில் இது நேரக்கூடியதே. இந்த அளவுப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்றாம் தட்டில் நேர்ந்தது வேறு வகையானது. மாதிரிகள் 96 குழிகள் கொண்ட தட்டுகளில் நிரப்பப்படுகின்றன. நான்கு தட்டுகளிலும் இரண்டு தாய் மரங்களின் 48 கொட்டைகள், 44 மரங்கள், மூன்று இரட்டை மாதிரிகள் என்று பிரித்து, எச்12 என்னும் கடைசிக் குழியைச் சோதனைக்காக வெறுமையாக விடச் சொல்லியிருந்தேன். ஒரு கொட்டை தன் தாயிடமிருந்து ஒவ்வொரு குறிப்பானிலும் ஓர் அல்லீலைப் பெற்றே தீர வேண்டும். மற்ற மூன்று தட்டுகளிலும் இந்த விதி ஏறத்தாழ முழுமையாகச் செல்லுபடியானது. மூன்றாம் தட்டில் மட்டும் கொட்டைகளுக்கும் தாய்களுக்கும் உறவே இல்லாதது போலத் தெரிந்தது. அப்போதுதான் வெற்றுக் குழியைப் பார்த்தேன். எச்12இல் தெளிவான மரபணு விவரம் இருந்தது. முதல் குழியான ஏ1 காலியாக இருந்தது. தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் படித்திருக்கிறார்கள்! கணினியில் வரிசையை மறுமுனையிலிருந்து அடுக்கியதும் எல்லாக் கொட்டைகளும் தங்கள் தாய்களிடம் திரும்பிச் சேர்ந்துவிட்டன. நான் சுட்டிக்காட்டிய மறுநாளே அவர்கள் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய கோப்பை அனுப்பினார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் அந்தத் தட்டைச் சரி என்று கொண்டு பெற்றோரைக் கண்டறிந்து, அறிக்கையும் எழுதி முடித்திருந்தார்கள் என்பதுதான் நெருடுகிறது. 48 கொட்டைகள் தம் தாய்க்கே பிறக்கவில்லை என்று தரவு கூறும்போது, அதைப் பார்த்த எவருக்கும் ஐயம் எழவில்லை.

இனி அறிக்கைக்கு வருகிறேன். ஐந்து கொட்டைகள் தன்மகரந்தச் சேர்க்கையால் உருவானவை என்று அதில் எழுதியிருந்தது. ஓக் காற்றால் மகரந்தம் பரவும் மரம்; ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே மரத்தில் தனித்தனியே இருந்தாலும், தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது இதில் மிக அரிது. ஐந்து என்ற எண் அதனாலேயே என்னை நிறுத்தியது. அந்த ஐந்தும் தாய் மரம் 17இன் கொட்டைகள். ஐந்தும் 12 குறிப்பான்களிலும் தாயோடு அச்சு அசலாக ஒத்திருந்தன. அந்தத் தாய்க்கு 11 குறிப்பான்களில் இரு வேறு அல்லீல்கள் உள்ளன. தன்மகரந்தச் சேர்க்கை நடந்தால், அப்படிப்பட்ட ஒரு குறிப்பானில் பிள்ளையும் அதே இரண்டு அல்லீல்களைப் பெறும் வாய்ப்பு பாதி. 11 குறிப்பான்களிலும் அவ்வாறே அமைய வேண்டுமெனில் வாய்ப்பு 2048இல் ஒன்று. அது ஐந்து முறை அடுத்தடுத்து நிகழாது. விடை கொட்டையின் உடலமைப்பில் இருக்கிறது. ஓக் கொட்டையின் கடினமான புற ஓடு தாய் மரத்தின் சூலகச் சுவரிலிருந்து உருவாவது. அதற்கு உள்ளே இருக்கும் மெல்லிய பழுப்புத் தோலும் தாயின் திசுவே. இரண்டையும் நீக்கிவிட்டு உள்ளே இருக்கும் கருவை எடுத்தால்தான் பிள்ளையின் மரபணு கிடைக்கும். முளைக்காத கொட்டைகளில் யாரோ புற ஓட்டைச் சீவி அரைத்திருக்கிறார்கள்.

இந்தத் தாய்த் திசுவைக் குற்றம் சொல்லவும் முடியாது. தெரிந்து பயன்படுத்துபவருக்கு அது பெரிய கருவி. கலிபோர்னியாவில், ஓக் கொட்டைகளைச் சேமித்து வைக்கும் மரங்கொத்திகளின் களஞ்சியங்களிலிருந்து கொட்டைகளை எடுத்து, ஓட்டின் மரபணுவைப் படித்து, அவை எத்தனை தாய் மரங்களிலிருந்து வந்தவை என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஓடு தாயைச் சொல்லும், கரு தாயையும் தந்தையையும் சேர்த்துச் சொல்லும். இரண்டையும் தனித்தனியே படிக்கும் வசதியை இந்தச் சேவை ஒரு தெரிவாகவே தரலாம். இப்போதைக்கு அவர்களுடைய படிவத்தில் ‘விதை’ என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அனுப்புவோர் கொட்டைகளை ஈரத்தாளில் முளைக்கவைத்து, முளைவேரையோ முதல் இலையையோ வெட்டி அனுப்புவது பாதுகாப்பானது. உலர்த்தி அனுப்பும் எண்ணம் வேண்டாம். ஓக் கொட்டை உலர்ந்தால் உயிரிழக்கும் வகை விதை.

அடுத்த தவறு சற்று நுட்பமானது. ஒரு குறிப்பானில் இருவகை அல்லீல் உள்ள மரங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதால், இந்தக் காட்டில் நெருங்கிய உறவுக்குள் கலப்பு நடந்திருக்கலாம் என்று அறிக்கை எச்சரித்தது. உறவுக்குள் கலப்பு நடந்தால் அதன் தடயம் எல்லாக் குறிப்பான்களிலும் விழ வேண்டும். ஒன்றில் மட்டும் விழுந்து மற்ற பதினொன்றைத் தொடாமல் போகாது. தாய் மரம் 5ஐ எடுத்துக்கொள்வோம். அந்தக் குறிப்பானில் தாய்க்கு 212 என்ற ஒரே அல்லீல் பதிவாகியிருந்தது (அல்லீல்களை அவற்றின் நீளத்தைக் காட்டும் எண்ணால் குறிப்பார்கள்). அப்படியானால் அதன் 24 கொட்டைகளிலும் 212 இருந்தாக வேண்டும். பத்துக் கொட்டைகளில் அது இல்லை; 218 மட்டும், 206 மட்டும் என்று ஒற்றை எண்ணே இருந்தது. தாயிடம் இரண்டாவதாக ஓர் அல்லீல் இருக்கிறது, ஆனால் பி.சி.ஆர். வினையைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான தொடக்கி ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு மாற்றம் இருப்பதால் அது கருவியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே இதன் பொருள். இதை மௌன அல்லீல் என்பார்கள். தாயும் பிள்ளையும் ஒரே தரவில் இருக்கும்போது இதைப் பிடிக்க ஒரு நாழிகை போதும். அதைச் செய்யாமல், காட்டின் உடல்நலத்தைப் பற்றிய எச்சரிக்கையாக அதை எழுதியிருக்கிறார்கள். காட்டு நிர்வாகி ஒருவர் அதைப் படித்திருந்தால் வெளியிலிருந்து நாற்று வாங்கி நட முடிவெடுத்திருப்பார்.

மரபணுப் பன்முகத்தன்மை என்ற தலைப்பில் ஒரே பத்தி இருந்தது. எதிர்பார்க்கப்படும் மாறுபாட்டளவு (ஒரு குறிப்பானில் ஒரு மரத்துக்கு இரு வேறு அல்லீல்கள் இருக்கும் வாய்ப்பு) 0.8க்கு மேல் இருப்பதால் பன்முகத்தன்மை ‘மிக உயர்ந்தது’ என்று பாராட்டுச் சான்று போல எழுதியிருந்தார்கள். இங்கே படித்த மைக்ரோசாட்டலைட் குறிப்பான்கள், அதாவது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகள், பல வடிவங்களில் மாறுகின்றன என்ற காரணத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்படுபவை. ஓக் காடுகளில் அவை வழக்கமாகவே இப்படித்தான் உயர்ந்து நிற்கும். குவெர்கஸ் ரோபர் என்னும் ஓக் இனத்தின் முழு மரபணுத்தொகுதி 2018இல் வெளியிடப்பட்டபோது, 12 இணை குரோமோசோம்களில் சுமார் 75 கோடி எழுத்துகளும் 25,808 மரபணுக்களும் கணக்கிடப்பட்டன. அதில் 12 இடங்களை மட்டும் பார்த்துவிட்டுக் காடு முழுவதும் வளமாக இருக்கிறது என்று சொல்வதில் அடக்கம் வேண்டும். ஒப்பிடுவதற்கு இன்னொரு காடு இல்லாதபோது அந்த எண்ணுக்குத் தனித்த பொருளும் இல்லை.

என் முதன்மையான குறை பெற்றோர் பட்டியலைப் பற்றியது. 178 கொட்டைகளுக்குத் தந்தை மரம் இன்னது என்று அறிக்கை பெயரிட்டிருந்தது. மகரந்தம் சராசரியாக 48 மீட்டர் பயணம் செய்கிறது என்றும் முடிவு கூறியிருந்தது. அட்டவணையைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும்; ஒவ்வொரு கொட்டைக்கும் நேரே ஒரு மர எண். ஆனால் ஓக்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த நிறைவே ஐயத்தை எழுப்பும். பிரான்சின் ஒரு கலப்பு ஓக் காட்டில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், ஆய்வுப் பரப்பில் இருந்த மரங்கள் எல்லாவற்றையும் படித்த பிறகும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் கொட்டைகளின் தந்தை அந்தப் பரப்புக்கு வெளியே இருந்தது. காற்றில் வரும் மகரந்தத்துக்கு நாம் போட்ட எல்லைக்கோடு தெரியாது. அப்படியிருக்க, என் 176 மரங்களுக்குள்ளேயே கிட்டத்தட்ட எல்லாத் தந்தையரும் கிடைத்துவிட்டார்கள் என்றால், அவர்கள் தேடிய விதம்தான் தவறாக இருக்க வேண்டும்.

தந்தையைத் தேட அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் அமைப்புக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தந்தையாக இருக்கக்கூடிய மரங்களில் எத்தனை விழுக்காடு மாதிரியில் இருக்கிறது என்று அந்த மென்பொருள் முன்கூட்டியே கேட்கும். அதில் 95 என்று இட்டிருந்தார்கள். பொருந்தாத குறிப்பான்கள் இரண்டு வரை இருந்தாலும் ஏற்கலாம் என்றும் தளர்த்தியிருந்தார்கள். பண்ணையில் வேலிக்குள் வளரும் கால்நடைகளுக்கு அந்த எண் சரியாக இருக்கலாம். ஓக் காட்டுக்கு அதை இடுவது, ஊர்த் திருவிழாவுக்கு வந்த அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்களே என்று முடிவு செய்துகொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு எண் ஒட்டுவதற்கு ஒப்பாகும். இருப்பவற்றுள் ஓரளவு பொருந்தும் மரம் தந்தையாகிவிடுகிறது. தொலைவிலிருந்து வந்த மகரந்தத்துக்கெல்லாம் அருகில் ஒரு தந்தை கற்பிக்கப்படுவதால் பயணத் தொலைவும் தானாகவே சுருங்குகிறது. 40 விழுக்காடு என்று மாற்றி, மௌன அல்லீல் உள்ள குறிப்பானை விலக்கி, பொருத்தமின்மையை ஒன்றுக்கு மேல் ஏற்காமல் நானே மீண்டும் ஓட்டியபோது, 178இல் 70 கொட்டைகளுக்கு மட்டுமே காட்டுக்குள் தந்தை கிடைத்தது. மீதி 108இன் தந்தையர் வெளியே இருக்கிறார்கள்.

தொலைவைப் பற்றிய எந்த எண்ணையும் அதன் முறையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. கலிபோர்னியாவின் குவெர்கஸ் லொபாட்டா மரங்களைப் பற்றி 2002இல் வந்த கணிப்பு, மகரந்தத்தின் சராசரிப் பயணம் சுமார் 65 மீட்டர் என்றும், ஒரு தாய் மரத்துக்குப் பயனுள்ள தந்தையரின் எண்ணிக்கை (எல்லோரும் சம பங்கு தருவதாகக் கொண்டால் வரும் எண்) நான்குக்கும் குறைவு என்றும் கூறியது. புல்வெளியில் விலகி விலகி நிற்கும் மரங்கள் அவை. கணக்கிட்ட முறையும் வேறு, தந்தையரைத் தனித்தனியே தேடாமல் தாய்களுக்கிடையே மகரந்தத் தொகுதி எவ்வளவு வேறுபடுகிறது என்பதிலிருந்து ஊகிப்பது. பிரெஞ்சுக் காட்டின் எண்ணும் இதுவும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. எதைக் கொண்டு எதை அளந்தோம் என்று சொல்லாமல் ‘48 மீட்டர்’ என்று மட்டும் எழுதுவதுதான் பொய்யாகும். விதை சேகரிப்பவருக்கு இது ஏட்டுச் சங்கதி அன்று. தந்தையர் குறைவு என்று வந்தால் தாய்களின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் நாற்றங்காலின் பன்முகத்தன்மையைக் காக்க முடியும்.

கூடுதலாகப் பெற்ற இரண்டு சேவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குவெர்கஸ் ரோபரையும் குவெர்கஸ் பெட்ரேயாவையும் பிரித்து, கலப்பினங்களைக் குறிக்கும் பகுதி சுமாராக இருந்தது. முன்னதற்கு இலைக்காம்பு குட்டை, கொட்டைக்காம்பு நீளம். பின்னதற்கு இது தலைகீழ். களத்தில் இப்படிப் பார்த்து நான் குறித்ததும் அவர்கள் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இடைப்பட்ட மரங்களில் மட்டும் ‘கலப்பினம்’ என்ற முத்திரை தாராளமாக விழுந்திருந்தது. இந்த இரண்டு இனங்களும் காலங்காலமாக மரபணுக்களைப் பரிமாறிக்கொண்டும் தனித்தனி இனங்களாகவே நீடிப்பவை. 12 குறிப்பான்களால் பழைய கலப்பையும் புதிய கலப்பையும் பிரிப்பது கடினம்.

பசுங்கணிகத்தின் (இலையின் பச்சையம் இருக்கும் செல் உறுப்பான குளோரோபிளாஸ்டின்) மரபணுவைப் படிக்கும் சேவை, மாறாக, எதிர்பாராத அளவுக்குப் பயன்பட்டது. விடை வந்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏறக்குறைய எல்லா மரங்களுக்கும் ஒரே வகை. ஓக்கில் பசுங்கணிகம் தாய் வழியாக, அதாவது கொட்டையோடு மட்டுமே பயணம் செய்கிறது. மகரந்தம் அதைச் சுமப்பதில்லை. கொட்டை விழுந்த இடத்தை விட்டு நகர்வது குறைவு. ஜே போன்ற பறவைகள் எடுத்துச் சென்று புதைத்தால்தான் தொலைவு போகும். ஆகவே ஒரு காடு முழுவதும் ஒரே வகை இருப்பது இயல்பு. ஐரோப்பாவில் 2,600க்கும் மேற்பட்ட ஓக் காடுகளைப் படித்து 2002இல் வெளியிட்ட பெருந்தொகுப்பிலும், ஐபீரியா, இத்தாலி, பால்கன் பகுதிகளில் பனியூழியைக் கடந்து பிழைத்த மரங்களின் சந்ததிகள் எந்த வழியாக வடக்கே பரவின என்பதை இந்தத் தாய்வழித் தடமே காட்டிக்கொடுத்தது. என் காட்டில், பழைய வண்டிப்பாதையை ஒட்டி நேர்வரிசையில் நிற்கும் ஒன்பது மரங்கள் மட்டும் வேறு வகை. அவை யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டவை. மகரந்தத்தின் வழியாக அவை இப்போது காட்டோடு கலந்துவிட்டன என்றாலும், அவற்றின் பிறப்பிடம் வேறு என்பது பசுங்கணிகத்தில் எழுதியிருக்கிறது. இந்த ஒரு பகுதிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ‘மாறுபாடு இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்ட அவர்களுடைய விளக்கத்துக்கு அல்ல.

தரவுக் கோப்புகளையும் கருவியின் மூல வரைபடங்களையும் கேட்டவுடன் தந்தார்கள். கேட்காவிட்டால் அறிக்கை மட்டுமே வரும். ஆகவே இந்தச் சேவையை நாடுவோர் முதல் கடிதத்திலேயே மூலக் கோப்புகளைக் கேட்டுவிட வேண்டும். அறிக்கைப் பகுதியைத் தவிர்த்துவிடலாம் என்றால் தவிர்ப்பதே நல்லது. வெற்றுக் குழியை மூலையில் வைக்காமல், தட்டைத் திருப்பினால் உடனே தெரியும்படி நான்கு தட்டுகளிலும் வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். கணக்கை நீங்களே ஓட்டும் பழக்கம் இல்லையென்றால், இந்தக் கூடத்தை இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளியே இருக்கும் 108 தந்தையரில், வடக்கு எல்லையில் நிற்கும் மூன்று தாய் மரங்களின் ஏழு கொட்டைகள் ஒரே தந்தைக்குப் பிறந்தவை என்று உடன்பிறப்புக் கணக்கு காட்டியது. அந்தத் தந்தையின் மரபணு விவரத்தைப் பிள்ளைகளிடமிருந்தே பாதிக்கு மேல் மீட்டெடுக்க முடிந்தது. வடக்கே மேய்ச்சல் நிலத்தில் தனித்தனியே நிற்கும் ஆறு ஓக் மரங்களிலிருந்து இலை பறித்து, எண் மட்டும் இட்டு, அதே கூடத்துக்கு அனுப்பினேன். இம்முறை அறிக்கை வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நான்காம் எண் மரம், காட்டின் விளிம்பிலிருந்து 600 மீட்டர் தள்ளி வேலியோரமாக நிற்கும் கிளை பரந்த பெருமரம், ஏழு கொட்டைகளோடும் எல்லாக் குறிப்பான்களிலும் பொருந்தியது.